மச்சானுக்கு எடுத்த டவுசர்

என் மனைவியின் அண்ணன்மேல் எனக்கிருந்த வஞ்சம் ஓராண்டு முழுக்க எங்கள் பீரோவின் கீழ்த்தட்டில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. சாம்பல் நிறம். இடுப்பில் எலாஸ்டிக். அதன்மேல் தனியாக, அழகாக முடிச்சுப் போட்ட வெள்ளைக் கயிறு.

டவுசர்தான். ஷார்ட்ஸ் என்றுதான் சொல்லவேண்டுமாம். எது எதிரியின் கையிலிருந்து வந்ததோ அதற்கு நான் மரியாதை கொடுப்பதில்லை.

மச்சான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். துணியைத் தொட்டுப் பார்ப்பதுதான் வேலை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் துணியின் ஓரத்தை வைத்து ஒரு தேய்ப்புத் தேய்த்தால் அதன் எடை, நூல், வெளுத்தால் எவ்வளவு சுருங்கும் என்பது வரை சொல்லிவிடுவார். கல்யாண மண்டபங்களில் அவர் கை குலுக்கினால் நாம் ஏமாந்துவிடக் கூடாது. குலுக்கல் முடிந்து கை விலகும்போது நம் சட்டைக் கையின் விளிம்பை இரண்டு விரலால் தேய்த்துவிட்டுத்தான் விடுவார். பிறகு, "நல்லா இருக்கறீங்களா மாப்ள?" என்று கேட்பார். சட்டை நல்லா இல்லை என்று அர்த்தம்.

மாமனார் வீடு காங்கேயத்துக்குப் பக்கம். அந்தப் பக்கம் தண்ணீர் என்பது கிணற்றை எட்டிப் பார்த்து விசாரிக்க வேண்டிய விஷயம். அதனால் ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு எல்லோரும் துடியலூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். காலையில் இட்லி முடித்து, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு, ஆனைகட்டி ரோட்டில் போய், தெரிந்தவர் தோட்டத்தில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்து மலைப்பாதையில் ஒரு மணி நேரம் ஏறினால் பாறைகளுக்கு நடுவே ஓடை தேங்கி நிற்கும் இடம் வரும். குளிப்பது, சாமி கும்பிடுவது, சாப்பிடுவது, இறங்குவது. இதுதான் எங்கள் நோம்பி.

மாமனார் வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. நோம்பிக்கு யார் துணி எடுத்துக் கொடுத்தாலும் அதை அன்றைக்கே உடுத்திக் காட்டவேண்டும். மடித்து வைத்தால் கொடுத்தவரை அவமதித்ததாகிவிடும். ஒரு வருடம் என் மாமியார் பளபளக்கும் பச்சையில் ஒரு சேலையை அன்று முழுக்க உடுத்தியிருந்ததையும், போட்டோவில் அவர் மட்டும் தனியாக ஒளிர்ந்ததையும் நான் பார்த்திருக்கிறேன்.

போன வருட ஆடிக்கு, இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மச்சான் என் பக்கத்தில் ஒரு பொட்டலத்தை வைத்தார்.

"மாப்ள, இது உங்களுக்குங்க. எக்ஸ்போர்ட் அயிட்டம். தொட்டுப் பாருங்க, பூனைக்குட்டியாட்ட இருக்குது."

தொட்டேன். பூனைக்குட்டிதான்.

"மலை ஏறறதுக்கு ஆகுங்களா மச்சா?"

"என்னுங்க இப்படிக் கேட்டுப்போட்டீங்க? வெள்ளைக்காரன் இதப் போட்டுட்டுத்தான் மலையே ஏறறான்."

வெள்ளைக்காரன் அதைப் போட்டுக்கொண்டு பனிக்காலத்தில் வீட்டுக்குள் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கிறான் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. உள்பக்கம் பஞ்சு கிளப்பிய கனத்த பருத்தி. கம்பளிக்குத் தம்பி.

ஏறும்போதே அது என் வேர்வையை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டது. தொடைகள் இரண்டும் ஒன்றோடொன்று உரசி, பல்லைக் கடித்துக்கொண்டு, வாத்து மாதிரி அகட்டி அகட்டி நடந்து ஓடைக்குப் போய்ச் சேர்ந்தேன். எரிச்சல் தாங்காமல் நேராகத் தண்ணீருக்குள் குதித்தேன். சுகம் என்றால் அப்படி ஒரு சுகம். நான் சுகத்தில் இருந்த நேரத்தில் டவுசர் தன் வேலையைப் பார்த்தது. வெயிலில் உழுதுவிட்டு வந்த காங்கேயம் காளை தொட்டியில் வாய் வைத்தது போலக் குடித்தது. நிறுத்தாமல் குடித்தது.

பிறகு நான் எழுந்தேன். டவுசர் எழவில்லை.

கையைக் கீழே விட்டுக் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கயிறு கையோடு வந்தது. அது கட்டுவதற்கான கயிறு இல்லை, பார்ப்பதற்கான கயிறு. முடிச்சோடு தைத்து ஒட்டவைத்திருக்கிறார்கள். வீட்டில் நெருப்பணைக்கிற கருவி ஒன்று இருக்கிறது என்று நம்பி இருந்து, நெருப்புப் பிடித்த அன்று அது சுவரில் வரைந்த படம் என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. உள்ளே கட்டம் போட்ட ஜட்டி போட்டிருந்தேன் என்பதை இங்கே சொல்லவேண்டிய அவசியம் இல்லை. ஏனென்றால் அதைக் கோபி, ஈரோடு, பல்லடம் வரை எல்லா உறவினரும் பார்த்துவிட்டார்கள்.

பாறைமேல் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மச்சான். கட்டுச்சோற்றைப் பிரிப்பதற்குள் வீடியோ குடும்ப வாட்ஸாப் குழுவுக்குப் போய்விட்டது. புளிச்சோறு தொண்டையில் இறங்குவதற்குள், கோபியில் இருக்கும் ஒரு பெரியம்மா, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்களை வரிசையாக அனுப்பியிருந்தார்.

"சும்மா தமாசுக்குங்க மாப்ள. தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் மச்சான்.

"அதனால என்னுங்க மச்சா," என்றேன் நான்.

எங்கள் ஊரில் கொலை செய்ய முடிவு செய்தாலும் 'ங்க' போட்டுத்தான் முடிவு செய்வோம்.

அன்றிலிருந்து எனக்குப் பேர் 'டவுசர் மாப்ள'. பீளமேட்டில் ஒரு அலுவலகத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறவன் நான். எனக்குக் கீழே ஆட்கள் உண்டு. அவர்கள் என்னை 'சார்' என்பார்கள். ஆனால் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், ரசவாளியோடு வருகிற பங்காளி வீட்டுப் பையன் அந்தக் கோடிக்குச் சத்தம் போட்டுச் சொல்கிறான்: "டவுசர் மாப்ளைக்கு இன்னும் பொரியல் வரலீங்க!" மாமியார் ரொம்ப மரியாதைக்காரர். அவரே ஒருநாள் போனில் என் மனைவியிடம், "டவுசர்..." என்று ஆரம்பித்து, இருமி, "மாப்ள ஊட்ல இருக்கறாரா கண்ணு?" என்றார். அந்த இருமல்தான் என்னை முடித்துவிட்டது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அடுத்த ஆடிக்கு, அதே தண்ணீரில், அதே மாதிரித் துணியில் மச்சான் நிற்கவேண்டும். போன் என் கையில் இருக்கவேண்டும்.

அதற்கு இரண்டு டவுசர் தேவைப்பட்டது. தண்ணீரே குடிக்காத ஒன்று எனக்கு. தண்ணீருக்காகவே பிறந்த ஒன்று அவருக்கு.

முதலில் என்னுடையதைப் பார்த்தேன். மனிதர்கள் வீடு கட்டுவதற்குக்கூட இவ்வளவு யோசிப்பதில்லை. மலையும் ஏறவேண்டும், தண்ணீரிலும் இறங்கவேண்டும் என்றால் பருத்தி ஆகாது. நம் மண்ணில் விளைகிறது, நம் ஆட்கள் நூற்கிறார்கள், எல்லாம் சரி. ஓடைக்குள் அது நம் ஆள் இல்லை. நைலானோ பாலியஸ்டரோ மெல்லிசாக நெய்தது வேண்டும். இடுப்பில் எலாஸ்டிக்கும் வேண்டும், உண்மையான கயிறும் வேண்டும். பைகளுக்கு உள்ளே வலைத்துணி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் தண்ணீர் தேங்கித் தவலை கட்டித் தொங்கவிட்டது போல் ஆகும். கவட்டில் தனியாக ஒரு துண்டு வைத்துத் தைத்திருக்கவேண்டும். அப்போதுதான் பாறையில் காலை எட்டி வைக்கும்போது தையல் கத்தாது. நீளம் முழங்காலுக்கு நாலு விரல் மேலே. அதற்குக் கீழே வந்தால் நனைந்ததும் முட்டியில் ஒட்டி இழுக்கும். அதற்கு மேலே போனால் மாமியார் இருக்கிறார்.

பீளமேட்டில் விளையாட்டுச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி கேட்டார்:

"ஏனுங்க சார், நடக்கறதுக்குங்களா, நீச்சலுக்குங்களா?"

"ரெண்டுக்குமுங்க. அப்புறம் மானத்துக்கும்."

அவர் சிரிக்கவில்லை. "மானத்துக்குன்னா இதப் பாருங்க," என்று ஒன்றை எடுத்து, இடுப்பைத் திருப்பிக் காட்டினார். "கயிறு உள்ளாற முழுசாச் சுத்தி வருது. இழுத்தா இழுத்ததுதானுங்க."

அந்த வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

வெளிர் மஞ்சளில் ஒன்று நன்றாக இருந்தது. "நனைஞ்சா உள்ள இருக்கறதெல்லாம் தெரியுமுங்க," என்றார். அதைக் கீழே வைத்தேன். என் உள்ளாடைகளின் சரித்திரம் ஏற்கெனவே ஒருமுறை வெளியாகிவிட்டது. கருநீலத்தை எடுத்துக்கொண்டு ட்ரயல் ரூமுக்குள் போனேன்.

கண்ணாடியில் முதலில் வந்து நின்றது தொப்பை. பின்னாலிருந்து கால்கள் இரண்டும், 'நாங்களும் இருக்கறமுங்க' என்று கூச்சத்தோடு எட்டிப் பார்த்தன. குனிந்தேன். உட்கார்ந்து எழுந்தேன். பெஞ்சைப் பாறையாக நினைத்து ஒரு காலைத் தூக்கி வைத்தேன். கழுத்தளவு தண்ணீரில் நிற்பதாக நினைத்து எம்பி எம்பிக் குதித்தேன். வெளியே ஒரு குரல், "உள்ள போனவருக்கு ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டது. கடைப் பெண்மணியின் குரல் நிதானமாக, "மானத்துக்குப் பாக்கறாருங்க," என்றது.

அதைக் கையில் எடுத்தால் ஒரு கட்டுக் கொத்தமல்லி கனம்கூட இல்லை. ஆனாலும் நான் யாரையும் நம்புகிற நிலையில் இல்லை. அந்தச் சனிக்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டு பெரிய பக்கெட்டில் இடுப்புவரை தண்ணீர் பிடித்து உள்ளே இறங்கி நின்றேன். இடுப்புவரை என்று நான் நினைத்தேன், முட்டியைத் தாண்டவில்லை. குந்திக்கொண்டேன். மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்னுங்க பண்றீங்க?"

"ஊறறேன்."

"கடலையாட்டவா?"

ஈரத்தோடு வெளியே வந்து, மாடிப்படியில் மேலும் கீழுமாக ஏறி இறங்கினேன். மலை ஏறவேண்டுமல்லவா? மேல்வீட்டுக்காரர் செய்தித்தாளோடு நின்று, "டேங்க் ரொம்பிப் போச்சுங்களா சார்?" என்று கேட்டார். இல்லை, நான்தான் சொட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு ஏறினேன். நாலாவது முறை இறங்கும்போது சொட்டுவது நின்றுவிட்டது. காபி குடித்து முடிப்பதற்குள் உலர்ந்தே போனது. பிறகு மச்சான் கொடுத்த சாம்பல் டவுசரை நனைத்து மனைவியின் சமையல் தராசில் வைத்தேன். தராசு ஓர் எண்ணைக் காட்டப் பார்த்தது, பிறகு தன் சக்திக்கு மீறியது என்று கண்ணை மூடிக்கொண்டது. இன்றுவரை திறக்கவில்லை. கேக்குக்கு மாவு எடை போடவேண்டிய ஒவ்வொரு முறையும் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் வருகிறது.

இனி மச்சானுக்கு. அதற்கு நேராகத் திருப்பூரில் பனியன் கடைகள் அடைந்து கிடக்கும் காதர்பேட்டைக்கே போனேன். குவித்து வைத்து விற்கும் ஒரு கடையில் என் வயதுக்காரர் ஒருவர் இருந்தார்.

"அண்ணா, நல்லாத் தண்ணி குடிக்கற மாதிரி ஒண்ணு குடுங்ணா."

"துண்டுங்களா?"

"டவுசருங்ணா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வேர்வையச் சொல்றீங்களா?"

"வேர்வை, மழை, ஓடை, எல்லாத்தையும் குடிக்கோணும். குடிச்சா உடக்கூடாது. இடுப்புல கயிறு இருக்கோணும், ஆனா வேலை செய்யக்கூடாது."

"யாருக்குங்க?"

"மச்சானுக்குங்ணா."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அத மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா?" என்று குவியலுக்கு அடியில் தோள்வரை கையை விட்டு, மெரூன் நிறத்தில் ஒன்றை இழுத்துப் போட்டார். சாம்பல் நிறத்துக்கு இது அண்ணன். கையில் எடுத்தால் ஒரு குழந்தையை வாங்கியது போலக் கனத்தது. "எனக்கும் மூணு மச்சானுங்க," என்றார். மச்சானுடைய வயிற்றுக்கு எக்ஸ்எல் தேவைப்பட்டது. போனைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ள, தண்ணீர் புகாத ஒரு பிளாஸ்டிக் பையும் வாங்கினேன்.

நோம்பி வந்தது. அதே இட்லி. அதே மேசை. நான் பொட்டலத்தை மச்சான் பக்கத்தில் வைத்தேன்.

"மச்சா, இது உங்களுக்குங்க. எக்ஸ்போர்ட் அயிட்டம்."

இங்கேதான் நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்பது வெளிப்பட்டது. ஒரு வருடம் திட்டம் போட்டவன், டவுசரைப் பக்கெட்டில் ஊறவைத்தவன், ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. துணியை வைத்து ஏமாற்ற இந்த ஜில்லாவிலேயே நான் தேர்ந்தெடுத்த ஆள், துணியைத் தொட்டுப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவர்.

அவருடைய இரண்டு விரல்களும் விளிம்பில் ஒருமுறை தேய்த்தன. நின்றன. முடிச்சுப் போட்ட கயிற்றை நகத்தால் லேசாகச் சுண்டினார். என்னைப் பார்த்தார். அப்புறம் ரொம்ப இனிமையாகச் சிரித்தார்.

"அருமையான துணிங்க மாப்ள," என்றார். "இத்தன நல்ல துணிய நானா போடறது?" உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "அப்பா! இங்க வாங்க. மாப்ள உங்களுக்கு டவுசர் எடுத்துட்டு வந்துருக்கறாரு!"

மாமனார் வந்தார். எழுபதைத் தாண்டியவர். ஒல்லி. வெள்ளை வேட்டியைத் தவிர வேறு எதிலும் அவரை யாரும் பார்த்ததில்லை. டவுசரை வாங்கி விரித்துப் பார்த்தார். தன் இடுப்பில் வைத்துப் பார்த்தார். அவரைப்போல் இரண்டு பேர் உள்ளே போகலாம்.

"எனக்குங்களா மாப்ள?"

இல்லை மாமா, உங்கள் மகனை உரிக்கிறதுக்கு வாங்கினேன் என்று சொல்ல முடியுமா?

"ஆமாங்க மாமா," என்றது என் வாய்.

"வயசானவன்னு எல்லாரும் வேட்டியத்தான் குடுக்கறானுக," என்றார் அவர். டவுசரை ஒருமுறை நீவிவிட்டார். "இவனும் மலை ஏறுவான்னு நெனச்சுப் பாத்து நீங்கதான் குடுத்துருக்கறீங்க." உள்ளே போய், வழக்கப்படி உடனே உடுத்திக்கொண்டு வந்தார். மெரூன் டவுசர், வெள்ளைச் சட்டை, கையில் பித்தளைச் சொம்பு. தண்ணீர் ஊற்றிக்கொள்ள அவருக்கு அந்தச் சொம்புதான் வேண்டும்.

நான் சமையலறைக்கு ஓடி, "ஊக்கு இருக்குதா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"எதுக்கு?"

ஊக்கு இல்லாமலேயே கிளம்பினோம்.

மலைப்பாதையில் என் கருநீலம் சொர்க்கமாக இருந்தது. உரசல் இல்லை, ஒட்டல் இல்லை, ஆடிக் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் விசாரித்துவிட்டுப் போனது. ஆனால் அதை அனுபவிக்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. மாமனாருக்குப் பின்னால், அவருடைய இடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் நடந்தேன். எல்லோருக்கும் முன்னால் மச்சான் விசிலடித்துக்கொண்டு ஏறினார். அவர் போட்டிருந்தது என்ன தெரியுமா? மெல்லிசு நைலான். வலைப் பை. உண்மையான கயிறு. அதாவது, அவருக்கு எல்லாம் தெரியும். போன வருடமும் தெரியும். என் வஞ்சத்துக்கு அந்த ஏற்றத்தில் புதிதாக ஒரு மாடி எழும்பியது.

"மாமா, காத்து ஜாஸ்தியா இருக்குதுங்க. மேலுக்கு மட்டும் தெளிச்சுக்கலாமுங்களா?"

"நோம்பிக்கு வந்துட்டுக் குளிக்காமப் போறதுங்களா மாப்ள?" என்றார்.

இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் கிழக்கே பார்த்து நின்று சொம்பால் தலையில் ஊற்றிக்கொண்டார். டவுசர் குடிக்க ஆரம்பித்தது. நான் கரையில் நின்று அதன் ஒவ்வொரு மடக்கையும் எண்ணிக்கொண்டிருந்தேன். எதேச்சையாகத் தலையைத் திருப்பினால், அதே பாறை, அதே ஆள், அதே போன். அவர் குறி வைத்தது அப்பாவை மட்டுமல்ல, என்னையும்தான். நாளைக்குக் கோபிப் பெரியம்மா, "மாப்ள குடுத்த டவுசராம்" என்று சொல்லிச் சிரிக்கவேண்டும்.

மாமனார் கரையேற ஒரு அடி எடுத்து வைத்தார். டவுசர் யோசித்தது. பிறகு கிளம்பியது. அவர் ஒரு கையால் கயிற்றைப் பிடித்து இழுத்தார். கயிறு கையோடு வந்தது. அதைப் பார்த்து அவர் முகத்தில் வந்த திகைப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த திகைப்பு. சொம்பைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்தார். சொம்பு முங்கிப் போனது.

நான் குதித்தேன். போய் இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கையை விட்டால் கதை முடிந்தது. பிடித்துக்கொண்டே ஆயுள் முழுக்க நிற்கவும் முடியாது. "மாமா, கொஞ்சம் புடிச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டு, என் இடுப்புக் கயிற்றை உருவினேன். கடைக்காரப் பெண்மணி சொன்னது உண்மை, முழுசாகச் சுற்றித்தான் வந்தது. அதை மாமனாருடைய டவுசருக்கு மேலே அரைஞாண் கட்டுவது போல இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். கட்டிவிட்டு, அடுத்து என்னுடையது எப்போது விழும் என்று காத்திருந்தேன்.

விழவில்லை. குடித்திருந்தால்தானே விழும்? வெறும் எலாஸ்டிக்கில், கொத்தமல்லிக் கட்டு கனத்தில், அப்படியே நின்றது. அன்றைக்கு அந்த மலையில் எனக்கு விசுவாசமாக இருந்த ஒரே ஜீவன் அதுதான்.

மாமனார் நிமிர்ந்தார். பாறையைப் பார்த்தார்.

"ஏன்டா! அப்பன் இடுப்புத் துணி அவுருது, நீ படம் புடிச்சுட்டு நிக்கறயா?"

"இல்லீங்பா, மலைய எடுத்தனுங்பா."

"மலை அக்கட்டால இருக்குது. நீ என்ர இடுப்பத்தான எடுத்த?"

மச்சான் போனை இறக்கினார். கட்டுச்சோறு பிரித்துக்கொண்டிருந்த என் மனைவி அங்கிருந்தே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "அப்பா, அது உங்களுக்கு எடுத்ததே இல்லீங்பா. அண்ணனுக்கு எடுத்தது. சைஸப் பாத்தாத் தெரியலீங்களா?"

பதினேழு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவள் என் பக்கம் பேசிய வாக்கியங்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். இது கட்டைவிரல்.

மாமனார் குனிந்து தன் இடுப்பைச் சுற்றிப் பார்த்தார். தண்ணீர் டவுசரிலிருந்து இன்னும் ஓடிக்கொண்டே இருந்தது. "மாப்ள உனக்குன்னு எடுத்துட்டு வந்த நோம்பித் துணிய நீ மறுத்து என்ர தலைல கட்டுனயா?"

"அப்பா, அது வந்துங்பா..."

"போடு."

"என்ரது நல்லாத்தான் இருக்குதுங்பா."

"போட்டுட்டுப் போய்ச் சொம்ப எடுத்துட்டு வா."

பாறைக்குப் பின்னால் துணிமாற்றம் நடந்தது. மாமனார் துண்டு கட்டிக்கொண்டு வந்தார். நான் கட்டிவிட்ட கயிற்றை அவிழ்த்து, நீவி, மடித்து, இரண்டு கையிலும் வைத்து என்னிடம் நீட்டினார்.

"மாப்ள, உங்க கயிறு."

நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். சீர்த்தட்டு வாங்கியபோதுகூட எனக்கு இவ்வளவு நிறைவு வந்ததில்லை.

மச்சான் இறங்கினார். ஏற்கெனவே ஒரு குளியலுக்கான தண்ணீரைக் குடித்து முடித்திருந்த டவுசர், இரண்டாம் பந்திக்கு உட்கார்ந்தது. அவர் மூச்சை அடக்கி முங்கினார். எழுந்தார். சொம்பு கையில் இருந்தது. டவுசர் இடுப்பில் இல்லை, தொடையில் இருந்தது. ஒரு கையால் அதை எட்டிப் பிடித்தார். பாறையெல்லாம் பாசி. ஏறுவதற்கு மூன்றாவது கை ஒன்று வேண்டும். சொம்பை விட்டால் கரையில் அப்பா. இடுப்பை விட்டால் கரையில் நான்.

கழுத்தில் தொங்கிய பிளாஸ்டிக் பையைத் தூக்கிப் பிடித்து வீடியோவைத் தட்டினேன்.

"மாப்ள! அந்தக் கயித்தக் குடுங்க மாப்ள!"

"பாத்து வாங்க மச்சா. பாசி வழுக்குமுங்க."

"மாப்ள, தமாசு போதுமுங்க. கயிறு! கயிறுங்க மாப்ள!"

"இதா, வாரேனுங்க," என்றேன். நகரவில்லை.

"கால்ல உழுகறனுங்க மாப்ள!"

"அதுக்குக் குனியோணுமுங்க மச்சா. இப்ப குனியாதீங்க."

இதற்கு என் மாமனார் ஏதாவது சொல்வார் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு மலையில் ரொம்ப நேரம் பார்க்கவேண்டியது இருந்தது.

சொம்பு வந்து சேர்ந்தது. மச்சானும் வந்து சேர்ந்தார். டவுசர் தண்ணீருக்குள்ளேயே தங்கிவிட்டது. அவருடையது கோடு போட்ட ஜட்டி.

புளிச்சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, கோபி முதல் பல்லடம் வரை அனுப்புவதற்காகப் போனைப் பையிலிருந்து எடுத்தேன். வீடியோவை ஓடவிட்டேன். வெள்ளை. முழுக்க வெள்ளை. உள்ளே அடைத்த போனின் சூட்டில் பிளாஸ்டிக் முழுவதும் ஆவி படிந்து, மார்கழிப் பனியில் ஊட்டி ரோட்டை எடுத்தது போல் இருந்தது. நடுவில் மெரூன் நிறத்தில் ஏதோ ஒன்று நகர்கிறது. அது மச்சானாகவும் இருக்கலாம், மேட்டுப்பாளையம் பஸ்ஸாகவும் இருக்கலாம். ஒரு வருடம் காத்திருந்தவன் கையில் கடைசியில் பனிமூட்டம். மச்சான் எட்டிப் பார்த்தார். சிரிக்கத் தொடங்கினார். சோறு புரையேறும் வரை சிரித்தார்.

நானும் சேர்ந்து சிரித்தேன். ஏனென்றால் அவர் படத்தைத்தான் பார்த்தார். நான் காதில் வைத்துக் கேட்டுவிட்டேன். ஓடைச் சத்தத்தை மீறி அவர் கெஞ்சியதில் ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக இருந்தது.

போன மாதம் பல்லடத்தில் உறவினர் வீட்டுக் காதுகுத்து. நான் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் நின்றிருந்த மச்சான் என்னைத் தேடி எனக்குப் போன் போட்டார். மேசைமேல் இருந்த என் போன், பந்தி முழுக்கக் கேட்கும்படி அலறியது: "மாப்ள! அந்தக் கயித்தக் குடுங்க மாப்ள! மாப்ள, தமாசு போதுமுங்க. கயிறு! கயிறுங்க மாப்ள! கால்ல உழுகறனுங்க மாப்ள!" ரசவாளியோடு வந்த பையன் அப்படியே நின்றுவிட்டான். கோபிப் பெரியம்மா யாருடைய குரல் என்று அடையாளம் கண்டுபிடிக்கும் வரை நான் எடுக்கவில்லை. எடுத்து, "சொல்லுங்க மச்சா," என்றேன்.

டவுசர் மாப்ள என்ற பேர் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் இப்போது பந்திகளில் எனக்குத் துணைக்கு ஒரு 'கயித்து மச்சான்' இருக்கிறார். அந்த ரிங்டோனை எடுத்துவிடச் சொல்லி அவர் என் மனைவி மூலமாகவும், மாமியார் மூலமாகவும் தூது விட்டார். கேட்டுக்கொள்வதாக இருந்தால் நேரடியாகப் போன் செய்து கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதும் ஒருமுறை போன் அடித்தார். எடுக்கவில்லை. கால்ல உழுகறது வரைக்கும் போகட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.